டமாஸ்கஸ் கத்தியும் கஞ்சமலை ஆசாரியும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஆபீசில் ஆணி அதிகம், அப்புறம் வருஷாந்திர லீவு, ஊர்ப்பயணம், பொண்ணுக்குக் கல்லூரி அட்மிஷன் என்று ஓடிவிட்டது. "என்ன ஆச்சு, உயிரோட இருக்கீங்களா?" என்று மெயில் போட்ட நண்பர்களுக்கு நன்றி. இருக்கேன். :-)

இந்தப் பதிவு ஒரு கத்தியைப் பற்றி. பயப்படாதீங்க, சமையல் கத்திதான்.

பொண்ணு கேட்டரிங் படிக்கச் சென்னை போகிறாள். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவள். (2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை, மன்னிக்கவும்.) வீட்டில் தமிழ், வெளியில் இந்தி, தூக்கத்தில் இரண்டும் பேசுவாள். முதல் தடவையா வீட்டை விட்டுப் போறாளே, ஏதாவது வாங்கித் தரலாம் என்று, "என்னம்மா வேணும்?" என்றேன். லேப்டாப் கேட்பாள் என்று நினைத்து மனசுக்குள் ஈ.எம்.ஐ. கணக்கும் போட்டு வைத்திருந்தேன்.

"டமாஸ்கஸ் கத்தி ஒண்ணு வேணும்ப்பா. கடையில வாங்கினது வேணாம், எனக்குன்னு செஞ்சது."

யூடியூப் உபயம். அலை அலையாய் வரி ஓடும் அந்தக் கத்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்க ஆற்று நீரோட்டம் மாதிரி இருக்கும்.

எனக்கு இதில் ஒரு பழைய கடுப்பு உண்டு. போன வருஷம் இணையத்தில் 1,900 ரூபாய்க்கு "பழங்கால டமாஸ்கஸ் ரகசியம்" என்று ஒன்றை வாங்கினேன். கப்பலில் ஆடி அசைந்து வந்தது. நாலே நாள். வீட்டம்மா தேங்காய் நாரும் புளியும் போட்டு விளக்கியதில் ரகசியம் முழுக்கக் கழுநீரோடு போய்விட்டது. சாதாரண எவர்சில்வர் தகட்டின் மேல் லேசரில் வரி போட்டு விற்றிருக்கிறார்கள். யார் விற்றார்கள் என்பதெல்லாம் வேண்டாம். ஏமாந்தது நான், புத்திக் கொள்முதல்.

அதனால் இந்த முறை ஒழுங்காகப் படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இந்தக் கதை சுற்றிச் சுற்றி எங்க ஊர்த் தெருவுக்கே வருகிறது என்று.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எனக்குச் சேலம் பக்கம், கஞ்சமலை அடிவாரம். மலை முழுக்க இரும்புத் தாது. மழை பெய்து ஓய்ந்ததும் ஓடைக் கரையில் கறுப்பு மணல் படிந்திருக்கும். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் முள்ளம்பன்றி மாதிரி மணல் ஒட்டிக்கொண்டு வரும். எங்களுக்கு அது விளையாட்டு. அந்தத் தாதுவும் சேலத்து உருக்கும் ஒரு காலத்தில் கடல் தாண்டிப் பேசப்பட்டவை என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

உலகம் "வூட்ஸ்" என்று எழுதுகிறதே, அது நம்ம உருக்கு. கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு. அந்தச் சொல் வெள்ளைக்காரர் காதில் சிதைந்து வூட்ஸ் ஆனது என்பது பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம். இரும்புத் துண்டுகளோடு ஆவாரம் விறகையும் எருக்க இலையையும் மண் குகைக்குள் வைத்து, வாயை மண்ணால் பூசி மூடி, கரி உலையில் மணிக்கணக்காகத் துருத்தி ஊதுவார்கள். விறகும் இலையும் உள்ளேயே கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறும். குகையை உடைத்தால் உள்ளே ஒரு சின்னக் கட்டி. நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவுக்குக் கரி ஏறிய உருக்கு. சேலத்தில் இந்த முறையில் உருக்குச் செய்ததை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஈரோடு பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் உடைந்த குகைகள் குவியலாகக் கிடந்ததை சாரதா சீனிவாசன் 1990களில் ஆராய்ந்து எழுதினார். இலங்கையில் சமனலவெவயில் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து உலை எரித்திருக்கிறார்கள் என்று கில் ஜூலெப் 1996ல் நேச்சர் இதழில் எழுதினார். கச்சால் தீவில் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள்.

இந்தக் கட்டிகள் கப்பலேறி மேற்கே போயின. அங்கே வாளாக அடிக்கப்பட்டன. சந்தையின் பேர் ஒட்டிக்கொண்டது: டமாஸ்கஸ். திருப்பூரில் தைத்த பனியனில் வெளிநாட்டுக் கம்பெனிப் பேர் இருக்கிற மாதிரிதான்.

1794ல் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற டாக்டர் இந்த உருக்கை லண்டனுக்கு அனுப்பினார். 1795ல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தித் தொழிலாளி அதில் கத்தி செய்து பார்த்து அசந்துபோனார். பிற்பாடு அவரோடு சேர்ந்து மைக்கேல் ஃபாரடேயும் அதே போலச் செய்யப் பார்த்தார். (ஃபாரடேயின் அப்பா ஒரு கொல்லர். இது எனக்கு இப்பத்தான் தெரியும்.) ரொம்பப் பேர் தோற்றதற்கு ஒரு காரணம், தங்கள் ஊர் இரும்பைப் போல வெண்சூட்டில் வைத்து அடித்தது. நம்ம உருக்கு அந்தச் சூட்டில் உதிர்ந்துவிடும். மங்கின சிவப்பில் வைத்துப் பொறுமையாக அடிக்க வேண்டும். 2006ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஒரு பழைய டமாஸ்கஸ் வாளை ஆராய்ந்தவர்கள் அதற்குள் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக எழுதினார்கள். இதைத்தான் வாட்ஸப்பில் "தமிழன் அன்றே நானோ டெக்னாலஜி" என்று அனுப்புகிறார்கள். அந்தக் கொல்லருக்கு நானோவும் தெரியாது, மைக்ரோவும் தெரியாது. உலையின் நிறம் தெரியும். அதுவே போதுமான பெருமை.

நிற்க. இப்போது யூடியூபில் பார்க்கிற டமாஸ்கஸ் இது இல்லை.

இப்போது செய்வது இரண்டு வகை உருக்குத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் ஒட்டி, மடித்து மடித்து அடிப்பது. இதுவும் பழைய வித்தைதான், பல நாட்டில் இருந்தது. 1973ல் பில் மோரன் என்ற அமெரிக்கக் கத்திக்காரர் இப்படிச் செய்த கத்திகளைக் கண்காட்சியில் வைத்து "டமாஸ்கஸ்" என்றார். அந்தப் பேர் நிலைத்துவிட்டது. நம்ம உருக்கில் வரி உள்ளே தானாக விளைவது. இதில் வரி அடுக்கி அடித்து வருவது. இரண்டும் வேறு வேறு. இரண்டாவதைச் செய்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆனால் அதற்கு முதலாவதின் கதையைச் சொல்லி விற்பவர் ஏமாற்றுக்காரர்தான்.

இதையெல்லாம் பொண்ணிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, கத்தி எப்ப வரும்?" என்றாள்.

லீவில் ஊருக்குப் போனபோது, ஓசூர் பக்கம் தகர ஷெட் போட்டு இந்த வேலை செய்யும் ஒரு தம்பியைப் பிடித்தேன். எஞ்சினியரிங் படித்து, கம்பெனி வேலையை விட்டுவிட்டு உலைக்கு வந்தவர். போனதும் பட்டியலும் விலையும் காட்டுவார் என்று பார்த்தேன். அவரோ என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"யாருக்கு சார்? வலது கையா, இடது கையா? கை எவ்வளவு பெருசு? மீன் அதிகமா, காய்கறி அதிகமா? எலும்பு வெட்டுவாங்களா?"

இடது கை என்றதும் நோட்டில் குறித்துக்கொண்டார். பொண்ணின் கையை ஒரு தாளில் வைத்து வரைந்து போட்டோ அனுப்பச் சொன்னார். கடைசியாக, "எந்த ஊர்?" என்றார்.

"அந்தமான்."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப இது வேணாம் சார். உப்புக் காத்து. துரு தின்னுரும். வரி இல்லாம ஒரே உருக்குல செஞ்சு தர்றேன், விலையும் பாதி. வெட்டுறதுல ஒரு வித்தியாசமும் இருக்காது."

வியாபாரம் செய்ய வந்தவர் தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பொண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். தினமும் துடைத்து எண்ணெய் போடுகிறேன் என்று இவள் சத்தியம் செய்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

விலை 14,000 என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "பன்னெண்டுக்கு முடிச்சுக்கலாமே தம்பி" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மூலையில் கிடந்த ஒரு வாளியைக் காட்டினார். அதில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள். ஒட்டாமல் வாய் பிளந்தது, தோய்க்கும்போது வளைந்தது, கீறல் விட்டது. "இதுக்கெல்லாம் யாரும் காசு தர மாட்டாங்க சார். வந்த கத்திதான் இதுக்கும் சேர்த்துத் தரணும்."

எனக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

பதினோரு தகடுகள். 1095 என்று ஒரு உருக்கு, கரி கிட்டத்தட்ட ஒரு சதவீதம். இன்னொன்று 15என்20, இரண்டு சதவீதம் நிக்கல் கலந்தது, மர மில் பட்டை ரம்பத்துக்குப் பயன்படுகிற சரக்கு. மாற்றி மாற்றி அடுக்கி ஓரத்தில் வெல்டிங் வைத்து உலைக்குள் விட்டார். சிவந்ததும் மேலே வெங்காரம் தூவினார். அது உருகிக் கண்ணாடி மாதிரி ஓடி, தகடுகளுக்கு நடுவே துருப் படலம் கட்டாமல் காக்குமாம். மஞ்சள் நிறத்துக்கு வந்ததும் வெளியே எடுத்து அடித்தார். முதலில் பலமாக அடிக்கக் கூடாதாம், மெதுவாக முழுக்கத் தட்டி ஒட்ட வைக்க வேண்டும். அப்புறம் நீட்டி, மூன்றாய் வெட்டி, அடுக்கி, மறுபடியும். பதினொன்று முப்பத்து மூன்றானது, அது தொண்ணூற்று ஒன்பதானது, இரண்டாய் மடித்ததும் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கணக்கு சுலபம். ஒவ்வொரு தடவையும் ஒரு இடத்தில் ஒட்டாமல் போனாலும் வாளிக்குத்தான். காலை எட்டரைக்கு ஆரம்பித்தது, சாயங்காலம் கையளவு ஒரு கட்டிதான் மிச்சம். கத்தி உருவம்கூட வரவில்லை.

பத்து நாள் கழித்துத் திரும்பும் வழியில் மறுபடி போனேன். நான் பார்க்க வேண்டும் என்று தோய்க்கும் வேலையை எனக்காக நிறுத்தி வைத்திருந்தார். எங்க ஊரில் இதைத் துவைச்சல் என்பார்கள், காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றுவது. ஷெட்டின் கதவை மூடி இருட்டாக்கினார். நிறம் பார்க்க இருட்டு வேண்டும். அலகு சிவக்கச் சிவக்க ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒட்டியது. மறுபடி உலை. மறுபடி காந்தம். ஒட்டவில்லை. 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றி எண்ணெயில் நேராக இறக்கினார். குபீர் என்று புகை.

காந்தத்தோடு ஓடைக்கரையில் திரிந்த பையன் ஞாபகம் வந்துவிட்டது.

அப்புறம் அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை. இல்லாவிட்டால் கண்ணாடி மாதிரி உடையும். சாணை பிடித்துத் தேய்த்து, ஃபெரிக் குளோரைடில் தோய்த்தபோதுதான் வரி வெளியே வந்தது. நிக்கல் உள்ள பட்டை வெள்ளியாக நிற்க, மற்றது கறுத்தது. அதுவரை அது வெறும் சாம்பல் நிறத் தகடு. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே கடைசியில்தான் தெரியும்.

14,000 கொடுத்தேன். முழுசாக, முகம் சுளிக்காமல். நாற்பது மணி நேரத்துக்குக் குறையாத வேலை. சாமான், கரண்டு, கேஸ், அந்த வாளி எல்லாம் கழித்தால் எங்கள் வீட்டு ஏ.சி. சர்வீஸ் ஆள் கணக்குக்குக்கூட வராது.

மச்சானிடம் சொன்னபோது, "கத்திக்கா பதினாலாயிரம்? மூளை கெட்டுப் போச்சா மாப்ளே?" என்றான். அவன் கையில் இருந்த போன் எழுபதாயிரம். மூணு வருஷத்தில் மாற்றிவிடுவான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

வூட்ஸ் ஏன் அழிந்தது? "ரகசியம் தொலைந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்கச் சுவாரசியமாக இருக்கும். வெர்ஹோவன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பெண்ட்ரே என்ற கொல்லரோடு சேர்ந்து செய்து பார்த்து, தாதுவில் இருந்த துளியளவு வனேடியம் போன்றவைதான் வரிக்குக் காரணம், அந்தத் தாது தீர்ந்ததும் வரியும் போயிற்று என்றார். அதுவும் இருக்கலாம். ஆனால் என் கட்சி வேறு. 1856க்குப் பிறகு பெசமர் முறையில் இங்கிலாந்தில் உருக்கு மலிவாகக் கொட்டியது. 1878 ஆயுதச் சட்டம் வாளுக்குத் தேவையைக் குறைத்தது. காடு அரசாங்கத்துக்குப் போனதும் கரிக்கு விறகு கிடைப்பது கஷ்டமானது. துருத்தி ஊதினவருக்கு வித்தை மறந்து போகவில்லை. வாங்க ஆள் இல்லை, மகனுக்குச் சொல்லிக் கொடுக்கக் காரணமும் இல்லை. அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன் என்றால், அதே கதையின் சின்னப் பதிப்பை நான் கண்ணால் பார்த்தவன். எங்க ஊர்ப் புளியமரத்தடியில் ஒரு ஆசாரி பட்டறை வைத்திருந்தார். அம்மாவின் அரிவாள்மணை அவர் செய்தது. அம்மா உட்காரும் உயரத்துக்கு, அம்மாவின் கைக்கு. அதுதான் இன்றைக்கு "கஸ்டம்" என்று பேர் வைத்து விற்கிறார்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, முப்பது வருஷம் உழைத்தது. நான் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுத்தேன் தெரியுமா? மிக்சியும் எவர்சில்வர் கத்தி செட்டும். ஊரில் என்னை மாதிரி சம்பாதிக்கப் போன அத்தனை பிள்ளைகளும் அதையேதான் செய்தோம். ஆசாரி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு பொங்கலுக்குப் போனபோது பட்டறை இல்லை. மகன் கோயம்புத்தூரில் லேத்தில் வேலை செய்வதாகச் சொன்னார்கள்.

அவர் தொழிலை வெள்ளைக்காரன் அழிக்கவில்லை. நான்தான். நாம்தான்.

புலம்பெயர்ந்த நாம்தான் ஊர்ப் பெருமையை அதிகம் பேசுகிறோம். கொடுமணல் செய்தி வந்தால் பத்துக் குழுவுக்கு அனுப்புகிறோம். ஊருக்குப் போனால் கொல்லரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கொல்லருக்குக் கொடுக்கிற மரியாதையில் நூற்றில் ஒரு பங்கை இப்போது உயிரோடு இருக்கிறவருக்குக் கொடுத்தால் போதும்.

இந்தத் தீவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பூர்வகுடிகளுக்குத் தாது உருக்கும் வழக்கம் கிடையாது. கரை ஒதுங்கிய கப்பலின் இரும்பை எடுத்துத் தட்டித் தேய்த்து அம்பு முனை செய்தார்கள். வடக்கு சென்டினல் தீவில் 1981ல் பிரிம்ரோஸ் என்ற கப்பல் தரை தட்டியது. அந்த இரும்பும் அப்படித்தான் பயன்பட்டது என்கிறார்கள். செய்பவர்தான் பயன்படுத்துபவர், அதனால் எதுவும் வீணாகவில்லை. நமக்கு நடுவில் கடை வந்துவிட்டது. செய்பவர் முகமே தெரியாது.

கத்திக்கு வருகிறேன். அலகை மட்டும் செக்-இன் பெட்டியில் சுற்றி எடுத்து வந்தேன். எட்டு அங்குலம், சமையலுக்கானது, அதனால் ஆயுதச் சட்டப் பிரச்சினை இல்லை. கைப்பிடி இங்கேதான். படாக் மரத்தைத் தீவுக்கு வெளியே அனுப்ப வனத்துறை அனுமதி என்று ஆயிரம் நடை. ஆகவே டெலானிபூரில் தெரிந்த ஒரு மரவேலைக்காரரிடம் மிச்சத் துண்டு இரண்டு வாங்கி, பித்தளை ஆணி அடித்துப் பொருத்தினோம். தாளில் வரைந்த கைக்கு இல்லை, பொண்ணையே நிற்க வைத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லிச் சொல்லித் தேய்த்தார். மூன்று மணி நேரம். கேட்ட கூலிக்கு மேல் நூறு ரூபாய் கொடுத்தேன். திருந்திட்டேன்ல!

முதல் நாள் ஜங்கிலிகாட் மார்க்கெட்டில் வாங்கி வந்த சூரை மீனை அவளே வெட்டினாள். நாலாம் நாள் நுனிக்குப் பக்கத்தில் மிளகு அளவு துரு. ஓசூர் தம்பி சொன்னபடியே நடந்தது. இங்கே வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் மழை, இதில் உப்புக் காற்று வேறு. அழுதுவிடுவாள் என்று பார்த்தேன். சாம்பல் தொட்டுத் தேய்த்து, கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தாள். இப்போது தினம் ராத்திரி இதுதான் வேலை. அவளாகவே.

கடைசியாக, வாங்க நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை:

வரி, கத்தியின் முதுகிலும் தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் மட்டும் இருந்தால் அச்சடித்ததாக இருக்கலாம். தொழிற்சாலைக் கத்திகளில் பெரும்பாலும் வரி மேல் போர்வைதான், நடுவில் வெட்டுவது வேறு உருக்கு. அது தப்பில்லை, ஆனால் தெரிந்து வாங்குங்கள். எந்த உருக்கு என்று கேட்டால் பேர் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். நன்றாக வெட்ட வேண்டும் என்றால் வரி தேவையே இல்லை. அழகுக்குக் கொடுக்கிற காசு அது.

அதைவிட முக்கியம், அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரில் பட்டறை இன்னும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். எரிந்தால், உங்கள் கையைக் காட்டி ஒரு அரிவாள்மணையோ கத்தியோ செய்யச் சொல்லுங்கள். டமாஸ்கஸ் வேண்டாம், லாரி பட்டையே போதும். கேட்ட விலையைக் கொடுங்கள்.

எந்த ஊரில் யார் இன்னும் செய்கிறார்கள் என்று தெரிந்தால் பின்னூட்டத்தில் ஊர்ப்பேரை மட்டும் சொல்லுங்கள். திருப்பாச்சேத்தி எனக்கே தெரியும், அதைத் தவிர. :-)

டிஸ்கி: கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று என் அம்மா போனில் சொன்னார். பரிகாரமாகப் பொண்ணிடம் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டேன். ஆக, கணக்குப்படி இது நான் அவளுக்கு விற்றது.